லயத்துக்கு ஒரு கோட்டு

மகள் பயணத்துக்குத் துணி எடுத்து வைக்கிறாள் என்றால் எங்கள் வீட்டில் நடக்க வழி இருக்காது. கட்டில், நாற்காலி, தையல் மெஷின் எல்லாவற்றின் மேலும் துணி. நித்யாவுக்குப் பெங்களூரில் வேலை. தோழிகளோடு வடக்கே ஏதோ மலைக்குப் போகிறாள். போவதற்கு முன் குன்னூரில் எங்களோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். டெல்லியில் வெயிலாம், வழியில் மழையாம், மேலே பனியாம். கைபேசியில் ஊர் ஊராக வானிலை பார்த்து, உள்ளே போட ஒன்று, அதன்மேல் ஒன்று, அதற்கும் மேலே காற்றுக்கு ஒன்று என்று அடுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் சுற்றும் துணி மட்டும் ஒரு குவியல். "இத்தனையும் ஒரு கழுத்துக்கா?" என்று கேட்டேன். "போட்டோவுக்கும்மா" என்றாள்.

பிறகு பின்னறைக்குப் போனவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "அம்மா, இந்த மெரூன் கோட்டை நான் எடுத்துக்கட்டுமா? இப்ப இதுதான் ஸ்டைல். எந்தக் கடையிலயும் கிடைக்காது." எடுத்தே விட்டாள் போலிருக்கிறது, நாப்தலீன் உருண்டையின் நெடி சமையலறை வரை வந்தது. அடுப்பில் பால். அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கோட்டை அவள் கையிலிருந்து வாங்கி, திரும்ப ஆணியில் மாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் நாறியது தனிக் கதை.

அந்த நெடி இருக்கிறதே, அது என்னை நேராகச் சேரம்பாடிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கோயமுத்தூரில் டைப்ரைட்டிங் படித்துவிட்டு, சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். மலை என்றால் ஊட்டி என்று நினைத்துக்கொண்டு வந்த புத்திசாலி நான். வெள்ளை ஸ்வெட்டர், குதிகால் உயர்ந்த செருப்பு, பூப்போட்ட குடை. வந்து பார்த்தால் அங்கே குளிர் அவ்வளவாக இல்லை, மழைதான். துவைத்த துணி காயாது, தீக்குச்சி பற்றாது, தலையணை பூசணம் பூக்கும். ஒரு செருப்பின் குதிகாலை முதல் வாரமே சேறு பிடுங்கிக்கொண்டது. வெள்ளை ஸ்வெட்டர் பழுப்பாகி, பிறகு பச்சையாகத் தொடங்கியது. அட்டைகளுக்கோ என் கால் புது ஹோட்டல் திறந்த மாதிரி. காலுறைக்குள் புகையிலைத் தூளைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு நடக்கும் அழகியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு நாள், ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வழியில் நின்றபோது சிரித்துவிட்டவள்தான் கனகா. எஸ்டேட்டின் பிள்ளைகள் காப்பகத்தில் உதவியாளாக இருந்தாள். லயத்து மக்கள் அதைப் புள்ளக்காம்பரா என்பார்கள். லயம் என்றால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன்தான். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அந்தச் சொல்லையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். கனகாவுக்கு உடுப்பு என்றால் உயிர். பழைய வாரப் பத்திரிகையில் ஒரு ஜாக்கெட் கையைப் பார்த்தால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது அவள் தோளில் இருக்கும். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். செருப்பில் தொடங்கிய சிநேகம், சாயங்காலம் அவள் வீட்டில் சாயத் தண்ணி குடிக்கும் அளவுக்கு வளர்ந்தது. சாயத் தண்ணி என்பது பால் விடாத தேநீர்.

அவர்கள் வீடு லயத்தின் கடைசி வீடு. அதற்குப் பின்னால் மண்மேடு, மேலே தேயிலை. கனகாவின் அப்பா இறந்து வெகுநாளாயிற்று. அம்மா மாரியாயி கொழுந்து பறிப்பவர். சின்ன உடம்பு, பெரிய குரல். அவர் வீட்டுப் பின்சுவரில்தான் அந்தக் கோட்டு தொங்கியது.

முன்பு இருந்த ஒரு மேனேஜரின் மனைவி ஊரைவிட்டுப் போகும்போது லயத்தில் கொடுத்துவிட்டுப் போனது. நல்ல கம்பளி, உள்ளே சாம்பல் நிற சாட்டின், இடுப்புக்குப் பட்டை, பெரிய பெரிய பொத்தான், பைக்குள் எப்போதும் நாப்தலீன் உருண்டை. அதில் ஒரு பொத்தான் தொலைந்து வேறு நிறத்தில் ஒன்று தைத்திருந்தார்கள். அதை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்வது எப்படி என்று பேச்சு வந்து, கடைசியில் லயத்துக்கே பொதுவாகிவிட்டது. கொழுந்துக் காட்டுக்கு இடுப்பில் சாக்கும் தலையில் பிளாஸ்டிக்கும் போதும். ஆனால் ஊட்டிக்கு ஆஸ்பத்திரி, கூடலூருக்குக் கல்யாணம், கோயமுத்தூருக்கு இண்டர்வியூ என்று யார் கிளம்பினாலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். திரும்பி வந்தால், சொந்த வீட்டுக்குள் கால் வைக்கும் முன் மாரியாயியின் ஆணியில் கோட்டை மாட்டிவிட்டுப் போக வேண்டும். அதுதான் முறை. கோட்டு ஆணியில் இருந்தால் போனவர் பத்திரமாக வந்துவிட்டார் என்று லயம் முழுக்கத் தெரியும்.

ஆண்களும் போடுவார்கள். காவல்காரர் பெருமாள் ஏதோ சாட்சி சொல்ல ஊட்டிக் கோர்ட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு, இடுப்புப் பட்டையையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார். நீதிபதி தன்னை எழுந்து நிற்கச் சொல்லவே இல்லை, அவ்வளவு மரியாதை என்று வந்து சொன்னார். பொம்பளைக் கோட்டு என்று அவரிடம் யாரும் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த வருடம் கனகாவுக்குக் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அதன்பிறகு அவளுக்கும் அம்மாவின் கூடைதான். இது லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட திட்டத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரே உடம்பில் மூன்று ஊர் வானிலையைச் சமாளிக்க வேண்டும். இங்கே மழை, ஊட்டியில் குளிர், கோயமுத்தூரில் வெயில். மூன்றையும் தாண்டிப் போய் இண்டர்வியூவில் கசங்காமல் நிற்க வேண்டும். வெளிர்நீல வாயில் சேலை. சேறு படாமல் அதன் கீழ்மடிப்பை ஏற்றி, கோட்டுக்குள் ஊக்கால் குத்திக்கொள்வது. காலில் ரப்பர் செருப்பு; நல்ல செருப்பு பிளாஸ்டிக் பையில். நடுவட்டம் ஏறும்போது தலைக்கு மஃப்ளர். பர்லியாறு வந்ததும் மஃப்ளரும் கோட்டும் கழற்றல். மேட்டுப்பாளையத்தில் செருப்பு மாற்றல். கோட்டைச் சாட்டின் வெளியே தெரிகிற மாதிரி மடித்து முழங்கையில் போட்டுக்கொண்டு, விமானத்தைவிட்டு இறங்குகிற மாதிரி நடக்க வேண்டும் என்றாள். அவள் நடந்து காட்ட, நான் ஆஸ்பத்திரி டாக்டராக உட்கார்ந்து கேள்வி கேட்டேன்.

அப்படி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலம்தான் கோட்டு முதல் தடவை கீழே விழுந்தது. யாரும் தொடவில்லை. சத்தம்கூட இல்லை. ஆணி துருப்பிடித்துவிட்டது என்று மாரியாயி வேறு ஆணி அடித்தார். மறுநாளோ அதற்கு மறுநாளோ மறுபடி விழுந்தது. இந்தத் தடவை நீளமான ஆணி. சுத்தியலை ஓங்கவே வேண்டியிருக்கவில்லை, கையால் அழுத்தினாலே பாதி போய்விட்டது. "மழையில செவுரு ஊறிப்போச்சு" என்றார் மாரியாயி. நானும் தலையாட்டினேன்.

அந்த வாரம் கதவு தரையில் உரசியது. மழைக்கு மரம் உப்பியிருக்கும் என்று கனகா அடியில் சீவினாள். ஊற்றுத் தண்ணீர் குழாயில் சிவப்பாக வந்தது. துணியில் வடிகட்டிக் குடித்தோம். எப்போதும் அந்தப் பின்சுவரோரம் சுருண்டு கிடக்கும் நாய், வாசலில் மழைச்சாரலில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்து நான் ஏதோ கேலி செய்ததாகக்கூட ஞாபகம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை கோட்டு மூன்றாவது தடவை விழுந்தது. இரண்டு கைகளும் விரிந்து, ஆள் குப்புற விழுந்த மாதிரி தரையில் கிடந்தது. மாரியாயி அதைத் தூக்கக்கூட இல்லை. பக்கத்து வீட்டு ராசம்மா வந்து பார்த்துவிட்டு வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம். பயணக் கோட்டு மூன்று தடவை விழுந்தால் அது பயணத்துக்குத்தானே தடை. அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பொய் எதற்கு, எனக்கும்தான்.

"கோட்டு போவாதன்னு சொல்லுது புள்ள" என்றார் மாரியாயி. "என்னால ஒன்ன விட ஏலாது."

"ஆணி சரியில்லன்னா கோட்டு விழத்தாம்மா செய்யும். இத விட்டா அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

"உசுரு இருக்கும். அது போதும் எனக்கு."

கனகா அழவில்லை. ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்கம்மா, நானும் கூடத்தானுங்க போறேன்" என்றேன். "எங்க பெரியம்மா ஊட்லதான் தங்கறோம். பத்திரமாக் கூட்டிட்டு வந்து உங்க கையில குடுக்கறனுங்க."

மாரியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார். ஆனால் விடியற்காலை பஸ்ஸுக்கு நாங்கள் கிளம்பியபோது அவரே கோட்டை எடுத்து வந்தார். மகளுக்குப் போட்டுவிட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். வேறு நிறப் பொத்தான் கழுத்துக்கிட்டே இருந்தது. அதில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. "போயிட்டு வாறேன்னு சொல்லு" என்றார். கனகா சொன்னாள். மழையில் பாதை வளைகிற வரை அவர் வாசலில் நின்றார். நாய் அவர் காலடியில் நின்றது.

அந்தப் பயணம் முழுக்க நான் பட்ட பயத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கூடலூர் தாண்டி மலை ஏறும்போது மூடுபனி கண்ணாடியை மூடியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எதிரே ஹாரன் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. சாய்ந்து கிடந்த யூகலிப்டஸ் ஒன்றை ஒட்டி பஸ் ஒற்றைச் சக்கரத்தில் போகிற மாதிரி போனது. என் கை முழுக்க முன் சீட்டுக் கம்பியின் துரு. கனகா மட்டும் திட்டப்படி நடுவட்டத்தில் மஃப்ளர் கட்டினாள், பர்லியாறில் கழற்றினாள். "அக்கா, ஒண்ணும் ஆவாது, தூங்குங்க" என்றாள். ஒன்றும் ஆகவில்லை. மேட்டுப்பாளையத்தில் செருப்பு மாற்றி, சாட்டின் வெளியே தெரியக் கோட்டை முழங்கையில் போட்டுக்கொண்டு அவள் இறங்கி நடந்தபோது, பூக்காரம்மா ஒருத்தி வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் கொளுத்துகிற வெயிலில் கோட்டைக் காயப் போட்டோம். இத்தனை வருட ஈரமும் அதிலிருந்து ஆவியாகப் போனது. பெரியம்மா மேற்கே பார்த்தார். மலை இருந்த இடத்தில் கருப்பாக மேகம்தான் இருந்தது.

"மேல நல்ல மழை போல கண்ணு. மழை விட்டப்பறம் போலாம், இருங்க."

"அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்ங்க" என்றாள் கனகா. அம்மாவுக்கு என்று கோயமுத்தூர்க் கடைவீதியில் ஒரு பச்சை ஸ்வெட்டர் வாங்கினாள். முன்பக்கம் திறந்து பொத்தான் வைத்தது. இனி அம்மா எங்கே போனாலும் பொதுக் கோட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றாள். மறுநாள் கிளம்பிவிட்டோம்.

திரும்பும்போது எனக்குப் பயமே இல்லை. விழுந்த கோட்டு பொய்யாகிவிட்டது என்ற தைரியம். பர்லியாறில் கோட்டும் மஃப்ளரும் ஏறின, நடுவட்டம் இறங்கியதும் மஃப்ளர் கழன்றது, எல்லாம் தலைகீழ் வரிசை. வழியில் அங்கங்கே மண் சரிந்து, பஸ் நின்று நின்று போனது. மாரியாயியிடம் சமாச்சாரத்தை யார் முதலில் சொல்வது என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம்.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தவர் மலையாளி, சேட்டன் என்றே கூப்பிடுவோம். எப்போதும் கனகாவின் கோட்டைக் கேலி செய்வார். அன்றோ கண்ணாடிக் கிளாஸைக் கழுவினார், அதையே மறுபடி கழுவினார். பிறகு, "மோளே, ஆத்யம் ஒரு சாய குடி" என்றார். முதலில் டீ குடி என்கிறார். கனகா என்னைப் பார்த்தாள். டீயை வாங்கவில்லை. நடக்கத் தொடங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

முந்தின நாள் மத்தியானம் நடந்திருக்கிறது. மழைக்காகப் பறிப்பை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ராசம்மா பிள்ளையைக் கூட்டிவரக் காப்பகத்துக்குப் போயிருந்தாள். மாரியாயி மட்டும் வீட்டில். மேட்டு மண் அப்படியே இறங்கி, பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவரை எடுத்துக் காப்பகத்துத் திண்ணையில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் நின்ற நாய்க்கு ஒன்றுமில்லை.

அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த கனகா நேராக லயத்துக்குப் போனாள். கடைசி வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், அதில் நட்டுக்கொண்டு ஒரு கதவும். அடிப்பக்கம் சீவிய கதவு. அதன் முன் நின்று, மழையிலேயே பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றினாள். கோட்டை மடித்தாள். சாட்டின் நனையாமல் உள்பக்கமாக மடித்தாள். யாரும் கிட்டே போகவில்லை.

"இத எங்கக்கா மாட்டுறது?" என்று கேட்டாள்.

மாரியாயியிடம் அன்று, பத்திரமாகக் கூட்டிவந்து கையில் கொடுக்கிறேன் என்றேன். கூட்டி வந்துவிட்டேன். வாங்கிக்கொள்ளத்தான் கை இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் ராசம்மாதான் சொன்னாள். பேச்சுவாக்கில், அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "கோட்டு பயணத்தச் சொல்லல கண்ணு. செவுத்தச் சொல்லிருக்கு. நாம அத்தன பேரும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டோம்."  ஆணி வெறுமனே அழுத்தியதும் உள்ளே போனது, கதவு உரசியது, தண்ணீர் சிவந்தது, நாய் இடம் மாறியது எல்லாம் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மீதி வீடுகளைக் காலி செய்து, எல்லோரையும் வேறு இடத்தில் குடிவைத்தார்கள். புது வீடுகளில் கோட்டை ஏற்க யாரும் முன்வரவில்லை. கனகா அதை எடுத்துக்கொண்டுதான் பயிற்சிக்குப் போனாள். எனக்குக் கல்யாணமாகி இந்தக் குன்னூர் வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாள். "கோயமுத்தூர்ல இத வச்சு நான் என்ன செய்ய? மலையில இருக்கிற வீட்டுல இருக்கட்டும்க்கா." பின்னறைச் சுவர் மலையை ஒட்டியது. அதில் ஓர் ஆணி அடித்து அவளே மாட்டினாள். ஒவ்வொரு ஆடி மாதமும், மழை பலக்கிறது என்று டிவியில் சொன்னதும், அவளிடமிருந்து போன் வந்துவிடும். பிள்ளைகள் சுகமா என்பதற்கு முன்னால், "அக்கா, கோட்டு ஆணியில இருக்கா?" என்பாள். பச்சை ஸ்வெட்டரை என்ன செய்தாள் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கம் போயிருந்தேன். லயம் இருந்த இடத்தை உண்ணிச்செடி மூடிவிட்டது. சேட்டனின் டீக்கடை இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு ஜாக்கெட் போட்டிருந்தார்கள், பளிச்சென்ற நிறங்களில், தொப்பி வைத்து. நன்றாகத்தான் இருந்தது. யாருடைய ஜாக்கெட்டுக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. போனவர் வந்து சேர்ந்தாரா என்று தெரிந்துகொள்ளச் சுவரைப் பார்க்கிற வழக்கமும் போய்விட்டது.

இதையெல்லாம் நித்யாவுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கழுத்துத் துணிக் குவியலை மடித்து வைத்தாள். பிறகு, "சரிம்மா, நான் புது ஜாக்கெட்டே போட்டுக்கறேன்" என்றாள். பொத்தானையெல்லாம் நானே பூட்டி, போயிட்டு வரேன்னு சொல்லு என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். இன்று காலைதான் பஸ் ஏறினாள். டெல்லிக்குப் போய் இறங்கியதும் போன் செய்வாள். அவளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை.

எங்கள் வீட்டுக்கு மேலே யாரோ காட்டேஜ் கட்டுகிறார்கள். கோடை முழுக்க ஜேசிபி வைத்து மேட்டை வெட்டினார்கள். போய்க் கேட்டதற்கு, எல்லாம் பர்மிஷன் வாங்கித்தான் செய்கிறோம் என்றார்கள். மத்தியானத்திலிருந்து மழை பிடித்திருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பலமுறை எழுந்து போய்ப் பின்னறை விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். கோட்டு ஆணியில்தான் இருக்கிறது. ஆணியைத்தான் விரலால் தொட்டுப் பார்க்க மனம் வரவில்லை.